நிலவறையில் ஒரு சட்டக் கல்லூரி

அமெரிக்காவில், டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டு 1946ஆம் ஆண்டில் ஒரு தபால்காரர் விண்ணப்பித்தார். ஹேமன் ஸ்வெட் என்பது பெயர். பட்டதாரி, தகுதியில் குறையில்லை. ஆனால் கறுப்பர்! இடமில்லை என்றனர்.

வழக்காடினார். சர்க்கார் கதவைத் திறந்ததா? இல்லை. கறுப்பருக்கென்று தனியே ஒரு கல்லூரி திறந்தது, ஆஸ்டின் நகரில், ஒரு கட்டடத்தின் நிலவறையில்! ஸ்வெட் அங்கே போக மறுத்தார். பின்னர் ஹூஸ்டனில் வேறொன்று எழுந்தது.

வெள்ளையர் கல்லூரியில் முழுநேரப் பேராசிரியர் 16 பேர், மாணவர் 850, நூல்கள் 65,000. ஹூஸ்டனில் பேராசிரியர் 5 பேர், மாணவர் 23, நூல்கள் 16,500. இதற்குப் பெயர் சமத்துவமாம்!

ஆயினும் வழக்கின் உயிர் இந்தக் கணக்கில் இல்லை என்போம் நாம். பணமிருந்தால் நூல்களை வாங்கி அடுக்கிவிடலாமே! தர்கூட் மார்ஷல் தரப்பின் வாதங்களைக் கேட்ட உச்சநீதிமன்றம், 1950 ஜூன் 5 அன்று ஒருமனதாக அளித்த தீர்ப்பில் ஆழமாகவே பார்த்தது. மாநில மக்களில் 85 சதவீதத்தினர் அந்தத் தனிக் கல்லூரியில் இல்லை. நாளை ஸ்வெட் சந்திக்கவேண்டிய வழக்கறிஞர், சாட்சி, ஜூரி, நீதிபதி ஆகியோரில் பெரும்பாலோர் அவர்களே. அவர்களோடு கலந்து பழகாமல், வாதாடிப் பாராமல், சட்டம் பயில்வதெப்படி?

மாதிரி வழக்குமன்றத்துக்குக்கூட எதிர்த்தரப்பு வேண்டாமா?

அவ்வாண்டே ஸ்வெட் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். வசையும் உடல்நலிவும் வாட்டின. 1952இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். அவர் முதலில் வழக்குத் தொடுத்துத் தோற்றது ஆஸ்டினின் டிராவிஸ் கவுண்டி நீதிமன்றத்தில். 2005இல் அந்தக் கட்டடத்துக்கு அவர் பெயரையே சூட்டினர்.