ஏழு விரல்களும் இளம் சிங்கங்களும்

2023ஆம் ஆண்டு மே 12, வெள்ளிக்கிழமை காலை. கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்துக்கு எதிரே 170ஆம் எண் பேருந்திலிருந்து இறங்கிய என் சக ஊழியர், என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் இரண்டு விரல் காட்டினார்.

“என்ன தம்பி, ராத்திரி தூங்குனியா?”

ஜோகூர் பாருவிலிருந்து நாள்தோறும் கடற்பாலத்தைத் தாண்டி வேலைக்கு வரும் மலேசியத் தமிழர் அவர். முந்தைய நாள் நோம்பென்னில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், மலேசியாவின் 22 வயதுக்குட்பட்ட காற்பந்துக் குழு நம் பிள்ளைகளை 7-0 என்று வென்றிருந்தது. அந்தப் போட்டியில் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல் சிங்கப்பூர் வீடு திரும்பியது.

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

சிங்கப்பூரில் உள்ளூர்க் காற்பந்தைப் பின்தொடரும் எல்லாரிடமும் இப்படி ஒரு காலை நேரத்துக் கதை இருக்கும். வெளிநாட்டு லீக் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஆனாலும் ‘இளம் சிங்கங்கள்’ விளையாடுகிறார்கள் என்றால் ஜாலான் புசார் பக்கம் கால் போகிறது. ஏன் என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

நல்ல எண்ணத்தில் பிறந்த குழு

2003ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் எஸ்-லீக்கில் ஒரு புதிய குழுவை இறக்கியது. நாட்டின் சிறந்த இளையர்களை ஒரே குழுவாகச் சேர்த்து, நிபுணத்துவ லீக்கில் பெரியவர்களுக்கு எதிராக ஆடவிடுவதே திட்டம். கல்லூரி முடித்த கையோடு வேலையில் சேர்ந்து தொழிலைக் கற்பதைப் போன்றது இது.

தொடக்கத்தில் திட்டம் பலித்தது. அந்தக் குழு லீக்கில் மூன்றாம் இடம் வரை ஏறியது. பைஹாக்கி கைசான், ஷாரில் இஷாக், கைருல் அம்ரி ஆகியோர் அதில் ஆடியவர்கள். 2004, 2007, 2012ஆம் ஆண்டுகளில் தென்கிழக்காசியக் கிண்ணத்தைச் சிங்கப்பூர் வென்ற காலத்தின் முக்கியமான ஆட்டக்காரர்கள் இவர்கள்.

பிறகு சறுக்கல் தொடங்கியது. கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் பல பருவங்களில் புள்ளிப் பட்டியலின் கடைசி வரியிலேயே இளம் சிங்கங்களைப் பார்த்திருக்கிறோம்.

காரணங்கள் இல்லாமல் இல்லை. மற்ற குழுக்களில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் நம் பிள்ளைகள்தான். ஓர் ஆட்டக்காரர் தேறிவிட்டால் வேறு குழுவுக்குப் போய்விடுவார். வயது வரம்பு தாண்டினாலும் போய்த்தான் ஆக வேண்டும். எனவே குழு ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேசிய சேவை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் 18, 19 வயதுப் பையன்கள் காலையும் மாலையும் பந்தோடு இருக்கும்போது, நம் பிள்ளைகள் ஈராண்டு சீருடையில் இருக்கிறார்கள். அது நாட்டுக்கான கடமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஈராண்டுக்கான விலை திடலில் தெரிகிறது.

ஆகவே லீக்கில் 30 வயது ஆட்டக்காரர் ஒருவர் நம் 19 வயதுப் பையனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கோல் அடித்தால், எனக்குக் கோபம் வருவதில்லை. கற்றுக்கொள்கிறான் என்று விட்டுவிடுவேன்.

நோம்பென் தோல்வி அப்படிப்பட்டதன்று. அங்கே எதிரணியிலும் அதே வயதுப் பிள்ளைகள். நம் குழுவில் பெரும்பாலோர் லீக்கில் பெரியவர்களோடு மோதி அடிபட்டு வந்தவர்கள். அந்த அடியெல்லாம் பாடமாகியிருந்தால் அது தெரிய வேண்டிய இடம் நோம்பென்தான். தெரிந்தது ஏழு கோல்கள்.

தோற்றால் என்ன ஆகும்?

ரசிகரின் மனக்குறை தோல்வியைப் பற்றியது மட்டுமன்று. தோற்றாலும் எதுவும் ஆகாது என்பதுதான் அதிகம் உறுத்துகிறது.

இங்கிலாந்தில் கடைசியில் வரும் குழு கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். ஊரே அழும். நம் லீக்கிலோ கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் முறையே இல்லை. கடைசி இடத்தில் முடித்த குழு அடுத்த ஆண்டும் அதே லீக்கில் தொடங்கும். இளையர் குழுவுக்கு அந்தப் பாதுகாப்பு தேவைதான். ஆனால் பயமே இல்லாத இடத்தில் பசியும் குறைந்துவிடுகிறது.

இன்னொன்று, இளம் சிங்கங்கள் எந்தப் பேட்டையின் குழு? எந்தப் பேட்டைக்கும் சொந்தமில்லை. வடக்கில் இருக்கும் எங்களுக்கு ஒரு காலத்தில் உட்லண்ட்ஸ் வெல்லிங்டன் இருந்தது. 1996ல் எஸ்-லீக் தொடங்கியபோதே களமிறங்கிய குழு. பெரிய வெற்றிகள் அதிகமில்லை. ஆனால் தோற்றுவிட்டு வந்தால் காப்பிக்கடையில் திட்டுவதற்கு அது ‘நம்ம’ குழு. 2014ஆம் ஆண்டோடு அதன் லீக் ஆட்டங்கள் நின்றுபோயின. ஈசூனில் ஆடிய செம்பவாங் ரேஞ்சர்ஸ் அதற்கும் முன்பே போய்விட்டது.

கிராஞ்சியில் ஊழியர் விடுதியில் தங்கியிருக்கும் தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, சென்னையில இருந்தா சென்னையின் எஃப்சி. இங்க இந்தப் பக்கத்துக்கு எந்த டீம்ணே?” உட்லண்ட்ஸ் கதையைச் சொன்னேன். “அப்போ இப்ப யாருமே இல்லையா?” என்றார்.

அப்பாக்களின் கதை

ஜாலான் புசார் விளையாட்டரங்கு லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரம். கிராஞ்சியில் 170 ஏறினால் புக்கிட் தீமா சாலை வழியாகத் தேக்கா பக்கம் இறங்கலாம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி ஜாலான் புசார் பக்கம் நடந்தால் விளக்குக் கம்பங்கள் தெரியும்.

அங்கே பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார். 1977ல் பினாங்கை 3-2 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய கதையைத் தொடங்குவார். எஸ். ராஜகோபாலின் வளைந்து செல்லும் உதை, வி. சுந்தரமூர்த்தியின் கால் வித்தை, 1994ல் பாகாங்குக்கு எதிராக அப்பாஸ் சாட் அடித்த மூன்று கோல்கள், 1998ல் ஹனோயில் ஆர். சசிகுமாரின் தோளில் பட்டு வலைக்குள் போன பந்து என்று வரிசையாக வரும்.

அந்தக் கதைகள் எனக்குப் பிடிக்கும். ஆனால் திடலில் ஓடும் பிள்ளைக்கு அவை சுமை. 1998ல் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் 2010 உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெறுவதை இலக்காக அறிவித்தார். அது நிறைவேறவில்லை. 2021ல் தொடங்கிய தேசியக் காற்பந்துத் திட்டம் இப்போது 2034ஐப் பார்க்கிறது. இலக்கு வைக்கட்டும். அதோடு, ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் இந்தக் குழுவிலிருந்து எத்தனை பேர் எங்கே போனார்கள், எத்தனை பேர் தேசியக் குழுவில் நிலைத்தார்கள், எத்தனை பேர் ஆட்டத்தையே விட்டார்கள் என்று சங்கம் ரசிகர்களுக்குச் சொல்லட்டும். புள்ளிப் பட்டியலில் கடைசியில் வந்தாலும் அந்தக் கணக்கு நன்றாக இருந்தால் நாங்கள் கைதட்டுவோம். மலேசியாவின் ஏழு கோல்களையும் சேர்த்து ஜீரணித்துக்கொள்வோம்.

அந்தக் கணக்கில் நல்ல வரிகளும் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் 18 இரவு, ஹாங்காங்கின் கை டாக் அரங்கில் முதல் பாதியில் 1-0 எனப் பின்தங்கியிருந்த சிங்கப்பூர், 2-1 என்று வென்றது. 1984ல் போட்டியை ஏற்று நடத்திய நாடாக மட்டுமே ஆசியக் கிண்ணத்தில் ஆடிய நாம், முதல் முறையாகத் தகுதிச் சுற்றில் வென்று 2027க்குள் நுழைந்தோம். ஷவால் அனுவார், இல்ஹான் ஃபாண்டி ஆளுக்கொரு கோல். இல்ஹான் பதின்ம வயதில் இளம் சிங்கங்கள் சட்டையில் தோற்று, தோற்று வளர்ந்தவர்.

மறுநாள் காலை கிராஞ்சியில் 170லிருந்து இறங்கிய அண்ணன் என்னைத் தேடி வந்தார். இந்த முறை விரல் எதுவும் காட்டவில்லை; கை கொடுத்தார்.

“நல்லா ஆடுனாங்க தம்பி. அந்தச் சின்னப் பசங்க மேட்ச்சுக்கு நீ போவியே, அடுத்த தடவ போறப்ப சொல்லு. நானும் வரேன்.”

“தோத்துடுவாங்கண்ணே.”

“தோக்கட்டும். பாக்கலாம்.”