நிலத் தரகா, உடன்படிக்கைக் கைமாற்றமா?

புறவழிச் சாலை வருமென்ற பேச்சு எழுந்த ஊர்களிலெல்லாம் நிலத் தரகர்களின் தொகை பெருகுவதை நம் அங்கத்தினர்கள் அறிவர். தறியிலும் கழனியிலும் வருவாய் போதாத இல்லங்களின் இளைஞர் பலர் இத்தொழிலில் இறங்குகின்றனர். அவர்கள் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, வாங்குபவரையும் விற்பவரையும் கூட்டிவைத்துத் தரகு பெறுவது. மற்றது, தாமே முன்பணம் கொடுத்துக் கிரய உடன்படிக்கை எழுதிக்கொண்டு, தவணைக்குள் வேறொருவரைக் கண்டுபிடித்து, கூடுதல் விலைக்கு அவர் பெயரில் கிரயம் முடித்து, இடைப்பட்ட தொகையை எடுத்துக்கொள்வது. பின்னதை அமெரிக்காவில் மொத்த வியாபாரம் என்னும் பொருளில் ‘ஹோல்சேலிங்’ என்பர். இவற்றுள் வரும்படி மிக்கது எது?

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கரின் விலை ரூ.30 லட்சம் என்று கொள்வோம். இரு தரப்பிலும் நூற்றுக்கு 1 வீதம் தரகு எனில் தரகருக்குக் கிடைப்பது ரூ.60,000. (ஊருக்கு ஊர் இவ்வீதம் மாறும், பேசிய தரகைக் கிரயத்தன்று குறைத்துக் கொடுப்போர் மட்டும் எல்லா ஊரிலும் உண்டு.) அதே நிலத்துக்கு ரூ.3 லட்சம் முன்பணம் கொடுத்து, 3 மாதத் தவணையில் உடன்படிக்கை செய்தவர், அதனை ரூ.36 லட்சத்துக்கு முடித்தால் ரூ.6 லட்சம் பெறுவார். பத்துத் தரகுக்கு ஈடான தொகை! இளைஞர் மனம் எப்பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் தவணைக்குள் ஆள் கிடைக்காவிடில்? முன்பணம் விற்பவரையே சேரும் என்று எழுதப்பட்டிருப்பின் ரூ.3 லட்சம் போயிற்று. மூன்று உடன்படிக்கைகளில் ஒன்று பலித்து இரண்டு தவறினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கடன் வாங்கிய பணமாயின் வட்டி வேறு நிற்கும். இரண்டு பலித்து ஒன்று தவறினால் ரூ.9 லட்சம் ஆதாயம். தரகருக்கோ மூன்றும் தவறினாலும் அலைச்சலும் பெட்ரோல் செலவுமே நஷ்டம். ஆகவே, இழந்தாலும் தாங்கத்தக்க முதல் உடையவருக்குக் கைமாற்றமே கூடுதல் வருவாய் தரும் என்பதை மறுப்பதற்கில்லை. சீட்டு எடுத்தோ, நகையை அடகு வைத்தோ முன்பணம் கட்டுபவருக்குத் தரகே தகும் என்பது எம் கருத்து.

இனி, நம் அங்கத்தினருள் பெரும்பாலோர் இவர்களைச் சந்திப்பது நிலம் விற்பவராகவே. உடன்படிக்கையில் ‘தங்கள் பெயருக்கோ, தாங்கள் சொல்லும் நபர் பெயருக்கோ கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்’ என்றொரு வாசகம் இருக்கும். படிக்கக் கேட்கையில் சாதாரணமாகத் தோன்றும் இவ்வொரு வரியே கைமாற்றத்துக்கு வாசற்படி. ரூ.30 லட்சம் தமக்குப் போதுமென்று தெரிந்து ஒப்புக்கொள்வதில் தவறில்லை. தெரியாமல் ஒப்புவதே கேடு. உடன்படிக்கை மட்டும் நிலத்தில் உரிமை எதனையும் உண்டாக்காது என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு கூறுகிறது. எனினும், தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இத்தகைய உடன்படிக்கையைப் பதிவு செய்தல் வேண்டும். பதிந்தபின் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். தவணை கடந்த பின்னரும் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட எதிர்த்தரப்பு வராவிடில், பிறர் அந்நிலத்தை வாங்க அஞ்சுவர். கிரயம் நிறைவேற்றித் தரக் கோரி வழக்கிட அவருக்கு 3 ஆண்டுக் கெடுவும் உண்டு.

இரண்டினும் மோசமானது மூன்றாவதொரு வழி: தரகர் என்று சொல்லிக்கொண்டு விலையைக் குறைக்கச் செய்து, மறைவில் தாமே வாங்குபவராவது. அமர்த்தியவருக்குத் தெரியாமல் முகவர் தம் கணக்கில் வியாபாரம் செய்தால், அந்த ஆதாயத்தை அமர்த்தியவர் கேட்டுப் பெறலாம் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், 12 மாதத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கைமாற்றம் செய்பவர் தரகர் உரிமம் பெற வேண்டுமென்று 2019-இல் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவான மனைத் திட்டங்களில் தரகு செய்பவர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும்.

திண்ணையில் வந்து அமர்பவர் தரகரா, வாங்குபவரா என்பதை முதற்பேச்சிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம். முன்பணம் ரூ.20,000 அல்லது அதற்கு மேலாயின், பொதுவாக ரொக்கமாகப் பெறலாகாது என்பது 2015 ஜூன் முதல் வருமான வரி விதி. மீறினால் அபராதம் பணம் பெற்றவர் மீதே விழும். ஆகையால் காசோலையாகவோ வங்கிக் கணக்கு வழியாகவோ பெறுக.