ஓட்டைப் பிரித்தார்கள்... கரண்ட் பில் எகிறியது! மேனாம்பேட்டுப் பழைய வீடுகளைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?

மே மாதம். ராத்திரி மணி 11. மேனாம்பேட்டில் புதிதாகக் கட்டிய மாடி வீட்டுக்குள் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. பேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. கொட்டுவதோ அனல். பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால், அங்கே தரையே சுடுகிறது!

அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் பழைய நாட்டு ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், ஒன்றரை அடிச் சுவர். அங்கே பாட்டி எட்டரை மணிக்கே படுத்துத் தூங்கிவிட்டார்.

வயலும் வரப்புமாக இருந்த ஊர் இது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வேலைக்கு ஆள் வந்தது. வாடகைக்கு வீடு கேட்டது. 2011-ல் அம்பத்தூரோடு சேர்ந்து இந்தப் பகுதியும் சென்னை கார்ப்பரேஷனுக்குள் போனது. நிலம் விலை ஏறியது. ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. மிச்சம் இருக்கும் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது:

"இன்னும் எத்தன நாளைக்கும்மா இந்த ஓட்டு வீட்ல கெடக்கிறது? இடிச்சிட்டு ரெண்டு மாடி போட்டா வாடகையாவது வரும்."

"கட்டிக்கடா தம்பி. நான் போனதுக்கு அப்புறம் கட்டிக்க. அதுவரைக்கும் இந்தக் கூடத்துல காத்தாட படுத்துக்கறேன்."

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பாகம் பிரிக்க ஒரு முற்றம் போதாது. மழை வந்தால் ஒழுகும். எலி ஓடும். ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கும் திருடர்களைப் பற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆனால், இடித்த பிறகுதான் சூடு தெரிகிறது.

குளுமையின் ரகசியம்

காரணம் என்ன? ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே சந்து உண்டு. சூடான காற்று மேலே ஏறி அந்தச் சந்து வழியாகவும், முற்றத்தின் வழியாகவும் வெளியேறிவிடும். தடித்த சுவர், பகல் வெயிலை உள்ளே விடாமல் தாமதப்படுத்தும். ஓடு மெல்லியது, பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும்.

கான்கிரீட் தளம் அப்படி அல்ல. பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, ராத்திரி முழுவதும் கக்குகிறது. சென்னையில் 2003 மே கடைசியில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே தமிழக அரசு அறிவித்தது. இந்த லட்சணத்தில் மேலே தளம், பக்கத்தில் ஒட்டிய சுவர், காற்றுக்கு வழி எங்கே?

கொலை செய்தது சிமெண்டு!

இடிக்காமல் வைத்திருப்பவர்களும் பழுது பார்க்கிறேன் என்று வீட்டைக் கெடுத்துவிடுகிறார்கள். பழைய சுவர் சுண்ணாம்பிலோ மண்ணிலோ எழுப்பியது. தரையில் இருந்து ஏறும் ஈரம் அந்தச் சுவர் வழியே வெளியேறும். அதன் மேல் சிமெண்டைப் பூசி, பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உப்புப் பூக்கும். பூச்சு பொறிந்து உதிரும். "சுவர் வீக்கு சார், இடிச்சிடுங்க" என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போவார். வீக்காக்கியது யார்?

மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் கதையும் இதேதான். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, சின்னச் செங்கல்லைக் குத்துவசத்தில் சாய்வாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, அதற்கும் மேலே தட்டோடு பதித்த தளம் அது. ஒழுகுகிறது என்று அதன் தலையில் சிமெண்டைக் கொட்டினால் பாரம் ஏறும். கட்டையில் ஈரம் தங்கி மரம் உளுக்கும்.

சரியாகச் செய்ய முடியாதா? முடியும். சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாப் கட்டிய அரண்மனையில் கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. இனி அவ்வளவுதான் என்றார்கள். பொதுப்பணித்துறை சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய சரக்கையே தேடிப் பிடித்துத் திரும்ப நிமிர்த்தியது. அடுத்து ஹுமாயூன் மஹாலிலும் அதே வேலை நடந்தது.

நவாப் மாளிகைக்குச் சர்க்கார் பணம் இருந்தது. மேனாம்பேட்டுக்காரர் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்கு எங்கே போவார்? சுண்ணாம்பை நீர்த்து, புளிக்க வைத்து, அரைத்து எடுக்கவே நாள் கணக்கு ஆகும். சிமெண்டு மூட்டை தெருமுனையில் கிடைக்கிறது.

குறைந்த செலவில்...

பெரிய செலவு இல்லாத வேலைகளும் உண்டு. உளுத்த ரீப்பரை மாற்றி, உடைந்த ஓட்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் திரும்ப அடுக்கலாம். மங்களூர் ஓடாக இருந்தால் அடியில் இன்னொரு வரிசை அடியோடு பரப்பலாம். நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். முற்றத்தைத் தகரம் போட்டு மூடியிருந்தால், முதல் வேலையாகத் தகரத்தைக் கழற்ற வேண்டும்.

ஏற்கெனவே தளம் போட்டுவிட்டவர்கள்? வெள்ளை அடிக்கலாம்! வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை அம்பத்தூர் பெருந்தலைவர் காமராஜர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக் கூரையில் அடித்து அரசு சோதனை நடத்தியது. ஆமதாபாத்தில் 2017 முதலே ஏழைகள் வீட்டுக் கூரைகளில் இந்த வேலை நடக்கிறது.

பில் கணக்கையும் பாருங்கள். பழைய 75 வாட் பேன் நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 2 மாதத்துக்கு 54 யூனிட். புது ரக 30 வாட் பேன் என்றால் 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மூன்று பேன் மாற்றினாலே 90 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஏ.சி.யோ மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும், ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் 2 மாதத்தில் 480 யூனிட்! 500-ஐத் தாண்டினால் மின்சார வாரியம் கீழ் யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணத்தைக் கூட்டிவிடும். (ஓட்டு வீட்டில் ஏ.சி. போடுவது காசைக் கூரைச் சந்து வழியாக விடுவதற்குச் சமம். அதுவும் நடக்கிறது!)

பாரம்பரியக் கட்டிடங்களுக்கு 2012-ல் சட்டமே வந்தது. 2010 ஐகோர்ட்டுத் தீர்ப்பில் இடம்பெற்ற நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் சென்னையின் 400-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் உண்டு. பெரிய பெரிய கட்டிடங்கள்! பாட்டியின் கூடத்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்கிற ஆள் ஒருவர் உண்டு. பழைய கட்டிடங்களை இடிக்கும் காண்டிராக்டர். "ஓடு, உத்திரம், கதவு, தூண் எல்லாத்தையும் நாங்களே எடுத்துக்கறோம்" என்பார். அந்தத் தேக்குத் தூண் மரக்கடைக்குப் போய், பாலிஷ் ஏறி, கடற்கரைச் சாலைப் பங்களா ஒன்றின் வாசலில் நிற்கிறது.