ஊராட்சி அலுவலகத்துக்கு யார் காவல்?

போராட்டம் என்றால் தலைமைச் செயலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் போலீசார் குவிக்கப்படுகிறார்கள். ஊராட்சி அலுவலகமும் அரசு அலுவலகம்தான். அங்கே தலைவராக அமரும் தலித்துக்கு யார் காவல்?

மதுரை மாவட்டம் மேலவளவு 1996இல் தனி ஊராட்சியானது. ஆதிக்க சாதியினர் எதிர்த்தனர். மனுத் தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டனர், வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. ஆண்டு இறுதியில் போலீஸ் காவலுடன் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஆனால் அலுவலகத்துக்குள் சென்று பணியாற்ற முடியவில்லை. பாதுகாப்பு கேட்டு மன்றாடினார். 1997 ஜூன் 30 அன்று ஆட்சியர் அலுவலகம் சென்றுவிட்டுப் பேருந்தில் திரும்பியவரை வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். உடன் வந்த துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்டோரும் கொல்லப்பட்டனர். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

தேர்தல் நாளன்று வந்த காவல், தேர்தலுக்குப் பின்னும் தொடர்ந்திருக்க வேண்டும். இதுவே மேலவளவு சொல்லும் பாடம்.

இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தப்படி, பட்டியலின, பழங்குடி உள்ளாட்சித் தலைவரையோ உறுப்பினரையோ பணி செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் வன்கொடுமை. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஒதுக்கீட்டை எதிர்ப்பவர் மனு கொடுக்கலாம், கூட்டம் போடலாம், நீதிமன்றம் போகலாம். அலுவலகத்தைப் பூட்டுவதும் தலைவரை மறிப்பதும் குற்றம். நாற்காலி மறுக்கப்பட்டாலும், தேசியக்கொடி ஏற்றவிடாமல் தடுத்தாலும் உடனே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். படித்த இளைஞர்கள் அதை எழுதித் தந்து, தலைவருடன் காவல் நிலையம் வரை செல்லலாம். உயிர் போன பிறகு வரும் தீர்ப்பைவிட, உரிய நேரத்தில் வரும் இரண்டு காவலர்கள் பெரிது.