வட கொரியா: அஞ்சி வாழும் நாடு அகிலத்தை அச்சுறுத்துவது ஏன்?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

ஒரு நாள் எங்கள் புவியியல் வகுப்பில் சிஸ்டர் ஒரு படத்தைக் காட்டினார்கள். 2014-ஆம் ஆண்டில் விண்வெளி நிலையத்திலிருந்து இரவு நேரத்தில் எடுக்கப்பட்ட படம் அது. ஒரு பக்கம் சீனா, மறு பக்கம் தென் கொரியா. இரண்டும் கார்த்திகைத் தீபம் ஏற்றிய வீதிகளைப் போல் ஒளிர்ந்தன. நடுவில் ஒரு பகுதி மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. "இது கடலா, சிஸ்டர்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இல்லையம்மா, அங்கே இரண்டரைக் கோடி மக்கள் வாழ்கிறார்கள்" என்றார்கள்.

அந்த இருண்ட பகுதிதான் வட கொரியா. விளக்கு எரிக்கப் போதிய மின்சாரம் இல்லாத ஒரு சிறிய நாடு, வல்லரசுகளையும் கலங்க வைப்பது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடி நூலகத்தில் நான் படித்தவற்றையும், அப்பாவிடமும் சிஸ்டரிடமும் கேட்டு அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கோடு கிழித்த கதை

கொரியா பன்னெடுங்காலம் ஒரே நாடாக இருந்தது. ஒரே மொழி, ஒரே பண்பாடு. 1910-இல் ஜப்பான் அதைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1945-இல் இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் தோற்றபோது கொரிய மக்கள் விடுதலை வந்ததென்று மகிழ்ந்தார்கள். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வடக்கிலிருந்து சோவியத் படை வந்துகொண்டிருந்தது. அமெரிக்க இராணுவ அதிகாரிகள் இருவர் ஓர் இரவில் தேசப்படத்தை விரித்துப் பார்த்து, 38-ஆம் அட்சரேகையை எல்லையாகக் குறித்தார்கள். கொரியர்களில் ஒருவரையும் அவர்கள் கேட்கவில்லை.

தற்காலிகம் என்று போட்ட கோடு நிலைத்துவிட்டது. 1948-இல் தெற்கே ஓர் அரசும் வடக்கே கிம் இல் சுங் தலைமையில் கம்யூனிஸ்டு அரசும் அமைந்தன. 1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படை எல்லையைத் தாண்டித் தெற்கே பாய்ந்தது. அமெரிக்கா தலைமையில் ஐக்கிய நாடுகளின் படை தெற்குக்குத் துணையாக வந்தது. பின்னர் சீனப் படை வடக்குக்குத் துணையாக வந்தது. மூன்றாண்டுப் போரில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் வடக்கின் தலைநகரான பியோங்யாங் தரைமட்டமாயிற்று. அந்த நினைவு வட கொரியர் மனத்தில் இன்றும் ஆறாத புண்ணாக இருக்கிறது. அவர்களுடைய அரசும் அதை ஆறவிடுவதில்லை.

1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. கவனியுங்கள், அது போர்நிறுத்தம் மட்டுமே. சமாதான உடன்படிக்கை இன்றுவரை ஏற்படவில்லை. ஆகவே சட்டப்படி பார்த்தால் அந்தப் போர் இன்னும் முடியவில்லை.

இந்தியாவின் பங்கு

போர்க் கைதிகளில் பலர் தம் நாட்டுக்குத் திரும்ப மறுத்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று தீர்மானிக்க நடுநிலை நாடுகளின் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டின் ஜெனரல் திம்மையா. இந்தியப் படைவீரர்கள் பல்லாயிரம் கைதிகளைப் பொறுமையோடு காத்தார்கள். இரு தரப்பும் வேண்டாம் என்று சொன்ன எண்பத்தெட்டுப் பேர் 1954-இல் நம் வீரர்களுடன் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். சொந்த மண்ணில் இரண்டு அரசுகள் இருந்தும் தமக்கு ஓர் இடம் இல்லை என்று எண்ணிய அவர்களை நினைத்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

மூடிய கதவு

கிம் இல் சுங் 1994-இல் இறந்தார். அவருக்குப் பின் மகன் கிம் ஜாங் இல், அவரும் 2011-இல் மறைந்தபின் பேரன் கிம் ஜாங் உன் என்று ஆட்சி வழிவழியாக வருகிறது. மன்னராட்சியை வெறுப்பதாகச் சொல்லும் கம்யூனிஸ்டு நாட்டில் இப்படி ஓர் அரச பரம்பரை!

அங்கே வானொலிப் பெட்டியில் அரசு நிலையம் மட்டுமே கேட்கும்படி செய்திருக்கிறார்கள். அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறுவது குற்றம். ஒருவருடைய தாத்தா யார், எந்தப் பக்கம் இருந்தார் என்று பார்த்து அவருடைய படிப்பும் வேலையும் தீர்மானிக்கப்படுகின்றன. 2014-இல் ஐக்கிய நாடுகளின் விசாரணைக் குழு, 80,000 முதல் 1,20,000 பேர் வரை அரசியல் சிறை முகாம்களில் இருப்பதாக மதிப்பிட்டது. மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் அங்கு நடக்கின்றன என்றும் அறிவித்தது. பியோங்யாங்கின் ஆயர் பிரான்சிஸ் ஹோங் 1949-இல் பிடித்துச் செல்லப்பட்டார். அவர் முடிவு என்னவென்று இன்றுவரை தெரியவில்லை. 1988-இல் அந்நகரில் ஒரு கத்தோலிக்க ஆலயம் கட்டப்பட்டது. ஆனால் அங்கே தங்கியிருந்து பூசை வைக்க ஒரு குருவானவர் இல்லை.

அணுகுண்டு எதற்கு?

சோவியத் ஒன்றியம் 1991-இல் சிதறியதும் வட கொரியா தன் பெரிய துணையை இழந்தது. மலிவான எண்ணெயும் உரமும் நின்றுபோயின. வெள்ளமும் சேர்ந்துகொள்ள, 1990-களின் நடுவில் கொடிய பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கானோர் பசியால் மடிந்தனர். அந்த நிலையிலும் ஆட்சியாளர்கள் படைக்கே முதலிடம் என்ற கொள்கையைக் கைவிடவில்லை.

யோங்பியோன் என்னுமிடத்தில் ஓர் அணு உலை இருக்கிறது. அணு உலையில் எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கலாம். அதுவே அணுகுண்டின் மூலப்பொருள். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் 1985-இல் சேர்ந்த வட கொரியா, 2003-இல் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2006 அக்டோபர் 9 அன்று முதல் சோதனையை நடத்தியது. 2017-க்குள் ஆறு சோதனைகள் நடந்துவிட்டன. ஆறாவது குண்டின் வலிமை ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போலப் பல மடங்கு.

"நம் நாடும் 1974-லும் 1998-லும் அணுச் சோதனை செய்ததே, அது மட்டும் சரியா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே இல்லை. வட கொரியாவோ கையெழுத்திட்டுவிட்டு, மறைவாக வேலை செய்து, பிறகு விலகியது. மேலும், நம் நாட்டில் அரசை எதிர்த்துச் சட்டசபையிலும் செய்தித்தாளிலும் கேள்வி கேட்கலாம். அங்கே ஒரு மனிதர் நினைத்தால் போதும், தடுப்பார் யாருமில்லை. ஆனால் குண்டு யார் கையில் இருந்தாலும் குண்டுதான் என்று அவள் சொன்னதையும் என்னால் மறுக்க முடியவில்லை.

வட கொரியத் தலைவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுண்டு. ஈராக்கின் சதாம் உசேனிடம் அணுகுண்டு இல்லை. 2003-இல் அவர் ஆட்சி கவிழ்ந்தது. லிபியாவின் கடாபி அதே ஆண்டு தம் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டார். 2011-இல் கொல்லப்பட்டார். "குண்டைக் கைவிட்டால் எங்களுக்கும் அதே கதிதான்" என்பது அவர்கள் வாதம். ஆக, அச்சமே அந்தக் குண்டுக்கு அடிப்படை. அஞ்சியவன் கத்தியை எடுக்கிறான். அதைக் கண்டு அடுத்த வீட்டுக்காரனும் எடுக்கிறான். தெருவில் ஒருவருக்கும் தூக்கமில்லை.

ஏவுகணையும் அண்டை நாடுகளும்

குண்டு இருந்தால் போதாது, அதைக் கொண்டுசெல்ல வாகனம் வேண்டும். 2017-இல் வட கொரியா கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்தது. முதலில் வந்தவை திரவ எரிபொருளில் இயங்கின. அவற்றில் எரிபொருள் நிரப்ப நேரம் பிடிக்கும். அதற்குள் செயற்கைக்கோள்கள் கண்டுபிடித்துவிடலாம். 2023-இல் திட எரிபொருளில் இயங்கும் நெடுந்தூர ஏவுகணையைச் சோதித்தார்கள். இதை எளிதாகச் சொல்வதானால், மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துப் பற்றவைப்பதற்கும், தீபாவளி வாணத்தைக் கொளுத்திவிடுவதற்கும் உள்ள வேறுபாடு. எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரம் குறைந்துவிட்டது. பதற்றத்தில் தவறு நேரும் ஆபத்து கூடிவிட்டது.

தென் கொரியத் தலைநகர் சியோல் எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். எல்லைக்கு அப்பால் மலைகளில் பீரங்கிகள் வரிசையாக நிற்கின்றன. போர் மூண்டால் அணுகுண்டு இல்லாமலே பல்லாயிரம் பேர் மடிவார்கள். வட கொரியாவைத் தாக்க எவரும் துணியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2022 அக்டோபரில் ஓர் ஏவுகணை ஜப்பானுக்கு மேலே பறந்தபோது வடபகுதி மக்களைப் பதுங்குமாறு அரசு எச்சரித்தது, ரயில்கள் நின்றன.

சீனாவே வட கொரியாவின் மிகப் பெரிய வணிகத் துணை. அணுகுண்டைச் சீனாவும் விரும்பவில்லை. ஆயினும் அந்த ஆட்சி இடிந்துவிழுந்தால் அகதிகள் யாலு நதியைக் கடந்து வருவார்கள், அமெரிக்கப் படையும் தன் எல்லைவரை வந்துவிடும் என்று அஞ்சுகிறது. 2024 ஜூனில் ரஷ்யா வட கொரியாவுடன் ஒருவருக்கொருவர் துணை என்று உடன்படிக்கை செய்தது. அதே ஆண்டு இறுதியில் வட கொரிய வீரர்கள் பதினாயிரம் பேருக்கு மேல் உக்ரைனுக்கு எதிரான போரில் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். கிழக்கு ஆசியாவின் சண்டை ஐரோப்பாவின் சண்டையோடு இவ்வாறு முடிச்சிடப்பட்டுவிட்டது.

தடைகளும் திருட்டும்

2006 முதல் ஐ.நா. பாதுகாப்பு சபை பல பொருளாதாரத் தடைகளை விதித்தது. பணத்துக்கு வழி தேடிய வட கொரியா கணினித் திருட்டில் இறங்கியது என்று அமெரிக்கா குற்றம் சாட்டுகிறது. 2016-இல் வங்காளதேச மத்திய வங்கியின் கணக்கிலிருந்து நூறு கோடி டாலர் வரை எடுக்க முயன்றார்கள். 8 கோடியே 10 இலட்சம் டாலர் போயே போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மட்டும் தப்பியது எப்படித் தெரியுமா? ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். வங்கிக்காரர்களுக்குச் சந்தேகம் வந்து நிறுத்திவிட்டார்கள். எழுத்துப் பிழைக்கு இம்போசிஷன் எழுதச் சொல்லும் ஆசிரியைகளை இனி நான் குறைகூற மாட்டேன்.

தடைகளில் ஒரு சங்கடமும் உண்டு. 2019-இல் அந்நாட்டு மக்களில் பத்தில் நான்கு பேருக்குப் போதிய உணவில்லை என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. தலைவர்களைத் தண்டிக்கப் போட்ட கட்டு, குழந்தையின் தட்டையும் சேர்த்து இறுக்கிவிடக் கூடாதல்லவா?

2018-இல் சிங்கப்பூரிலும் 2019-இல் ஹனோயிலும் அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் கிம் ஜாங் உன்னும் சந்தித்தார்கள். எதை முதலில் கொடுப்பது, எதைப் பிறகு கொடுப்பது என்பதில் பேச்சு முறிந்தது. 2022-இல் தாம் முந்திக்கொண்டு அணுகுண்டு வீசவும் இடம்தரும் சட்டத்தை வட கொரியா இயற்றியது. தெற்குடன் ஒன்றுசேரும் நோக்கத்தையும் 2024-இல் கைவிட்டது.

மெகுமி என்னும் மாணவி

நான் படித்தவற்றுள் என்னை மிகவும் உலுக்கியது ஒரு ஜப்பானியச் சிறுமியின் கதை. 1977 நவம்பர் 15. நிகாட்டா நகரில் மெகுமி யோகோதா என்ற பதின்மூன்று வயது மாணவி, பள்ளியில் பூப்பந்து விளையாடிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தாள். வீடு வந்து சேரவில்லை. வட கொரிய ஒற்றர்கள் அவளைப் படகில் கடத்திச் சென்றுவிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2002-இல்தான் அந்த அரசு பதின்மூன்று ஜப்பானியரைக் கடத்தியதாக ஒப்புக்கொண்டது. ஐந்து பேர் வீடு திரும்பினார்கள். மெகுமி இறந்துவிட்டாள் என்றார்கள். அவர்கள் கொடுத்த அஸ்தி அவளுடையதல்ல என்று ஜப்பான் அறிவித்தது. தந்தை 2020-இல் மகளைக் காணாமலே கண்மூடினார்.

உலகப் பாதுகாப்பு என்றால் ஏவுகணை, மாநாடு, உடன்படிக்கை என்றுதான் முன்பு எண்ணியிருந்தேன். பள்ளி விட்டு ஒரு பெண் பத்திரமாக வீடு வந்து சேர்வதும் அதில் அடக்கம் என்று இப்போது புரிகிறது.

முடிவுரை

வட கொரிய அரசின் செயல்கள் கண்டிக்கத்தக்கவை. இதில் ஐயமில்லை. ஆனால் அரசு வேறு, மக்கள் வேறு. அந்தக் கோட்டைக் கிழித்தவர்கள் அவர்கள் அல்லர், அந்தக் குண்டைக் கேட்டவர்களும் அவர்கள் அல்லர். முடியாத போரை முடிக்கும் உடன்படிக்கை, படிப்படியாக ஆயுதத்தைக் குறைக்கும் பேச்சு, பசித்தவருக்குத் தடையின்றிச் சேரும் உணவு ஆகியவையே அறிஞர்கள் பலர் காட்டும் வழிகள். அது நெடிய வழிதான். மற்ற வழியில் போனால் திரும்பிவர முடியாது.

அந்தப் படத்தை நான் என் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தக் கருமைக்குள் என்னைப்போல் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள். அவள் வீட்டில் விளக்கு எரிய வேண்டும், அவள் அஞ்சாமல் கேள்வி கேட்கும் நாளும் வர வேண்டும். கடலா என்று நான் கேட்டதற்குச் சிரித்த தோழியரே, நீங்களும் அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.