மணி இரண்டானால் திரும்பு

எவரெஸ்ட் உச்சியைத் தொட்டால் பாதி வேலைதான் முடிந்தது. 8,000 மீட்டருக்கு மேல் இறந்த மலையேறிகளில் பெரும்பாலோர் இறங்கும்போதுதான் உயிரை விட்டிருக்கிறார்கள். உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். இதனால் மூளையில் நீர் கோத்தால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். நுரையீரலில் கோத்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு இரைக்கும். "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்பார் பாதிக்கப்பட்டவர். கேட்கக் கூடாது. மருந்தும் சிலிண்டரும் கொஞ்சம் அவகாசம் தரும். உடனே கீழே இறக்குவதுதான் வைத்தியம்.

அதனால்தான் வழிகாட்டிகள் முன்கூட்டியே கெடு வைக்கிறார்கள். பிற்பகல் 2 மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால், நூறடி மிச்சமிருந்தாலும் திரும்பிவிட வேண்டும். 1996 மே 10 அன்று பலர் இந்தக் கெடுவைத் தாண்டி ஏறினார்கள். நியூசிலாந்து வழிகாட்டி ராப் ஹால், தன் குழுவில் ஒருவருக்காக மாலை 4 மணிவரை உச்சியில் காத்திருந்தார். அதற்குமுன் நான்கு முறை எவரெஸ்ட் ஏறியவர் அவர். முந்தைய ஆண்டு அதே நபரை உச்சிக்குச் சற்றுக் கீழேயிருந்து திருப்பி அழைத்து வந்தவரும் அவரேதான்! இந்த முறை மனம் இளகிவிட்டது போலும். பனிப்புயல் சூழ்ந்தது. இருவரும் திரும்பவில்லை. அந்தப் புயலில் மொத்தம் எட்டுப் பேர் மாண்டார்கள்.

இமயமலைப் பக்கம் நடைப்பயணம் போகிற நேயர்களுக்கு ஒரு வார்த்தை: 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்குமிடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். தலைவலி இருந்தால், அது தீரும்வரை மேலே ஏறாதீர்கள்.