பிள்ளை பிழைத்தால் மட்டும் போதுமா?



பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னவுடன் நம் தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி, "எம் புள்ள பொழைக்குமா டாக்டர்?" என்பதுதான். நம் தாத்தா காலத்தில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. இன்று அந்தப் பதில் தலைகீழாக மாறிவிட்டது. ஆனால் மாறிய சேதி லயத்து வீடுகளுக்கும், தோட்டத்தை விட்டு வெளியேறி நிபோங் திபாலிலும் பட்டர்வொர்த்திலும் அடுக்குமாடியில் குடியிருக்கும் நம் மக்களுக்கும் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. "புற்றுநோயா, இனி என்ன இருக்கு?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு, மந்திரிக்கவும் நாட்டு மருந்துக்கும் அலைந்து நாளைக் கடத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே இந்த வாரம் கூலிக் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு இந்த நோயைப் பற்றிப் பேசுவோம். பேசி முடிக்கும்போது இதுவும் கூலிக் கணக்கோடு ஒட்டியதுதான் என்பது விளங்கும்.

இது என்ன நோய்?

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் நம் இரத்தம் உற்பத்தியாகிறது. அங்கே முற்றாத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்வதுதான் இரத்தப் புற்றுநோய். தோட்டத்தில் லாலான் புல் மண்டினால் கன்றுக்கு என்ன கதியோ, அதே கதிதான். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே அதிகம். சிவப்பணு குறைவதால் பிள்ளை வெளுத்துப் போகும். நல்ல வெள்ளை அணு இல்லாததால் காய்ச்சல் விட்டு விட்டு வரும். இரத்தம் உறைய வைக்கும் தட்டணு குறைவதால் அடிபடாமலே உடம்பில் நீலம் பாயும், ஈறில் இரத்தம் கசியும். கால் வலிக்கிறது, எலும்பு வலிக்கிறது என்று பிள்ளை நொண்டும். இவை சேர்ந்து வந்தால் கிளினிக்கில் காய்ச்சல் மருந்தோடு திரும்பாமல், "இரத்தம் சோதிச்சுப் பாருங்க" என்று தைரியமாகக் கேட்க வேண்டும். இது ஒட்டுவாரொட்டி நோயல்ல. முன்செய்த பாவமும் அல்ல.

பாட்டாளிப் பெண்களிடமிருந்து தொடங்கிய கதை

இந்த நோய்க்கு மருந்து வந்த கதை நம்மைப் போன்ற தொழிலாளிகளிடமிருந்து தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா? 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்குப் போனார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்கள் இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். நல்ல சாப்பாடு இல்லாததே காரணம் என்று அவர் ஆராய்ந்து கண்டார். நம் மளிகைக் கடையில் கறுப்பாக, பாட்டிலில் விற்கும் மார்மைட்டைக் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். 1931-இல் இதை அவர் வெளியிட்டார். அதில் இருந்த சத்துக்குப் பின்னாளில் போலிக் அமிலம் என்று பெயர் வந்தது.

அந்தச் சத்தை 1945-இல் அமெரிக்காவில் செயற்கையாகச் செய்துகாட்டிய ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர், ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். போலிக் அமிலம் நல்ல அணுவை வளர்ப்பதுபோல் புற்று அணுவையும் வளர்க்கிறது என்று தெரிந்ததும், அதற்கு எதிரான மருந்துகளை அவர் கூடம் செய்து கொடுத்தது. பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி பார்பர் அதில் ஒன்றை 16 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேர் தேறினார்கள். அந்தத் தேற்றம் சில மாதங்களே நின்றது என்றாலும், மருந்தால் இந்த நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். அந்த முடிவு வெளியான 1948-ஆம் ஆண்டிலேயே சுப்பாராவ் காலமானார். அவர் கூடம் தந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

இன்னொரு மருந்து நம் வாசலிலேயே பூக்கிறது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின், 1963 முதல் அமெரிக்காவில் பயனுக்கு வந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்துக் கசாயம் போட்டுவிடாதீர்கள்! அந்தச் செடி விஷம். மிகச் சிறிய அளவில் பிரித்தெடுத்து, அளந்து, நரம்பில் ஏற்றினால்தான் அது மருந்து.

ஒரு மருந்து தனியாகப் போரிட்டால் நோய் திரும்பி வந்தது. பல மருந்துகளைச் சேர்த்து, மூளைத் தண்டுவடத்தில் ஒளியும் அணுக்களையும் தேடி அழிக்கும் முறையை அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1962-இல் திறந்த செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டாக்டர் டொனால்டு பிங்கெல் கொண்டுவந்தார். அதன் பிறகு பாதிப் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். தனித்தனியாகப் போராடித் தோற்று, ஒன்றுசேர்ந்து வென்ற கதை நமக்குப் புதிதா என்ன?

நம் நாட்டில் நடந்த சாதனை

மலேசிய, சிங்கப்பூர் டாக்டர்கள் கூட்டாக 2002 முதல் 2011 வரை 556 பிள்ளைகளுக்கு ஒரே திட்டத்தில் சிகிச்சை கொடுத்தார்கள். மா-ஸ்போர் 2003 என்று அதற்குப் பெயர். சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் மஜ்ஜையைச் சோதித்தார்கள். பத்தாயிரம் அணுவில் ஒரு புற்று அணு ஒளிந்திருந்தாலும் கண்டுபிடிக்கும் சோதனை அது. நோய் வேகமாக அடங்கிய பிள்ளைக்கு மருந்தைக் குறைத்தார்கள். அடங்காத பிள்ளைக்குக் கூட்டினார்கள். 2012-இல் முடிவு வெளிவந்தது. 6 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 88 பேர். மருந்து குறைத்துக் கொடுத்த பிள்ளைகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 93 பேர். ஆபத்து மிகுந்த பிரிவிலோ பாதிப் பேர்தான். அங்கே இன்னும் போராட்டம் பாக்கி இருக்கிறது.

மருந்தைக் குறைப்பதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். இந்த மருந்துகள் நோயை மட்டும் அடிப்பதில்லை, பிள்ளையையும் அடிக்கின்றன. நோயைக் கொல்லப் போதுமானது எதுவோ, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம் என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியின் நோக்கம்.

பிழைத்த பிறகு

இந்த இடத்தில்தான் நம் மக்கள் கவனம் தவறுகிறது. சிகிச்சை முடிந்தது, முடி வளர்ந்தது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. "எல்லாம் சரியாப் போச்சு" என்று ஆஸ்பத்திரி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். இருபது வயதில் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலைக்குச் சேரும் அந்தப் பிள்ளைக்குத் தன் உடம்பில் என்ன மருந்து ஏறியது என்பதே தெரியாது.

அமெரிக்காவில் 1994 முதல் இப்படிப் பிழைத்தவர்களை ஆயிரக்கணக்கில் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சில மருந்துகள் இதயத்தைப் பலவீனப்படுத்தி, அது பல ஆண்டு கழித்து வெளியே தெரியலாம். தலைக்குக் கதிர் வைத்த பிள்ளைக்குப் படிப்பும் வளர்ச்சியும் பாதிக்கலாம். ஸ்டீராய்டு மருந்தால் இடுப்பு, முழங்கால் எலும்பு கெடலாம். மலாயாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நம் நாட்டில் பிழைத்து வளர்ந்த இளைஞர்களைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வயதுக்கு முந்திய மூப்பின் அடையாளங்கள் அவர்கள் அணுக்களில் தென்பட்டன. இது பயமுறுத்தச் சொல்வதல்ல. பெரும்பாலோர் படிக்கிறார்கள், உழைக்கிறார்கள், கல்யாணம் கட்டிக் குடும்பம் நடத்துகிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால் இதயத்தையும் எலும்பையும் காப்பாற்ற வழி உண்டு என்பதற்காகச் சொல்கிறோம்.

கூலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தச் சிகிச்சை ஏறக்குறைய இரண்டு ஆண்டு நடக்கும். முதல் மாதங்களில் ஆஸ்பத்திரியே வீடு. பிறகு வீட்டிலேயே தினமும் ஒரு மாத்திரை, வாரம் ஒரு முறை இன்னொரு மாத்திரை. நூற்றுக்கு 95-க்குக் குறைவாக மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது என்று ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அதாவது மாதத்தில் இரண்டு நாள் மறந்தாலே ஆபத்து. அதிகாலையில் பால்வெட்டுக்குப் போகும் தாய் எப்போது கொடுப்பாள்? பினாங்குப் பொது மருத்துவமனைக்குப் பாலமோ படகோ கடந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் நாளெல்லாம் கூலியில்லாத நாளாகப் போனால் அந்தக் குடும்பம் எத்தனை மாதம் தாங்கும்?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தொழிலாளிக்கு 8 முதல் 16 நாள் ஆண்டு விடுமுறை உண்டு. தனக்கு நோய் என்றால் மருத்துவ விடுப்பும் உண்டு. பிள்ளையின் நோய்க்கென்று தனி விடுப்பு அந்தச் சட்டத்தில் இல்லை. 2023-இல் அமலுக்கு வந்த திருத்தமும் அதைத் தரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் குறைவுதான். ஆனால் போய்வரும் செலவும் இழந்த கூலியும் சேர்ந்துதான் ஏழையின் முதுகை ஒடிக்கின்றன. நல்ல மருந்து கைக்கெட்டியும், கூலி போகுமே என்று சிகிச்சையைப் பாதியில் விட்டு ஒரு பிள்ளை சாகுமானால், அந்தப் பிள்ளையைக் கொன்றது நோய் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோருக்கு: ஆஸ்பத்திரியில் மருத்துவச் சமூகநல அதிகாரி இருக்கிறார். வெட்கப்படாமல் அவரைப் பார்த்து உதவி கேளுங்கள். இ.பி.எப். சேமிப்பில் பிள்ளையின் கடும் நோய்க்குப் பணம் எடுக்க வழியிருக்கிறது. சிகிச்சை நடக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் அந்த ராத்திரியே கொண்டு போங்கள். முடிந்ததும் என்ன மருந்து, எவ்வளவு ஏறியது, கதிர் வைத்தார்களா என்று எழுதி வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு வையுங்கள். ஆண்டுக்கொரு முறை சோதனைக்குப் போவதை நிறுத்தாதீர்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு: அந்த வீட்டு மற்ற பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள். மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துங்கள். "அது நோயாளிப் புள்ள" என்று ஒதுக்காதீர்கள்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு: அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், கடும் நோயுற்ற பிள்ளையைக் கவனிக்கச் சம்பளத்தோடு விடுப்பு என்ற கோரிக்கையை ஒவ்வொரு கிளையும் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்ப வேண்டும். பிரசவ விடுப்பும் ஒரு காலத்தில் இல்லாதிருந்து, கேட்டுப் பெற்றதுதான்.

பம்பாய் ஆலைப் பெண்களின் இரத்தத்திலிருந்து தொடங்கிய அறிவு இது. அதன் பலன் பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு முழுமையாக வந்து சேர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்போம்.